பின்னணி இசை இல்லாத ஆள்

திருத்தணி,
18.7.2025

திரு. அருண்பாண்டியன் அவர்களுக்கு,

கஜபதி மகள் கனிமொழி எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். அங்கே நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நானே நினைத்துக்கொள்கிறேன். நீங்களாகச் சொல்லப் போவதில்லை.

இதோ பக்கத்துப் பள்ளிப்பட்டில் இருக்கும் புருஷனுக்குத் தபாலா என்று சிரிக்காதீர்கள். போன் செய்தால் "ஆங்" என்று ஒரு சொல் வருகிறது, அடுத்து "இரு, அம்மாகிட்ட தரேன்". வாட்ஸ்அப்பில் பக்கம் பக்கமாக அனுப்பினால் ஒரு கட்டைவிரல். பத்து மாதக் குடித்தனத்தில் நான் சம்பாதித்தது அந்தக் கட்டைவிரல்தான். காகிதத்தில் கட்டைவிரல் வைத்தால் அது கைநாட்டாகிவிடும். அதனால் இதற்கு எழுதித்தான் பதில் போடவேண்டும்.

ஆடிக் கிருத்திகை நெருங்குகிறது. எங்கள் தெருவில் இப்போதே காவடியும் மொட்டைத் தலையுமாக இருக்கிறது. பக்கத்து வீட்டு பாஞ்சாலி அக்கா, "இன்னாடி கனி, தலை ஆடிக்கு இட்டுகினு வந்துட்டாங்களா? மாப்ள ஏங்கிப் போயிடப் போறாரு" என்கிறார். அம்மாவும் "ஆங், ஆடிக்குத்தான்" என்று சமாளிக்கிறாள். ஆனிக் கடைசியிலேயே பையைத் தூக்கிக்கொண்டு தனியாகப் பஸ் ஏறியவள் நான் என்பது நம் இரண்டு வீட்டுக்கு மட்டும்தான் தெரியும். ஆவணி பிறந்தால் இந்தப் பொய் செல்லாது. இரண்டு பக்கத்துப் பெரியவர்களையும் உட்காரவைத்து, சேர்ந்து வாழ்வதா பிரிந்துகொள்வதா என்று முடித்துவிட வேண்டும் என்கிறார் அப்பா. ஸ்கேன் சென்டரில் என் பழைய வேலைக்குத் திரும்பக் கூப்பிடுகிறார்கள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

தப்பு என் பேரிலும் இருக்கிறது. எல்லாம் அந்தத் துரைக்கண்ணுவால் வந்த வினை. பெண் பார்க்க வந்த அன்று, என்ன பார்ப்பீர்கள் என்று நான் கேட்டதற்கு, "துரைக்கண்ணு" என்றீர்கள். போனில் வரும் அந்தக் கொலைக்கதைத் தொடர்தான் என் உயிரும். பேரைக் கேட்டால் ரேஷன் கடைக்காரர் போல இருக்கும், ஆனால் என்ன ஆள்! பிணத்தைப் பார்ப்பார், ஜன்னலைப் பார்ப்பார், ஒரு வார்த்தை பேசாமல் டீ குடிப்பார். அந்த மௌனத்துக்குள் ஏதோ பெரிய துக்கம் இருக்கிறது, பெரிய அன்பு இருக்கிறது என்று தூக்கம் கெட்டுக் கிடந்தவள் நான். நீங்களும் அன்று அப்படித்தான் இருந்தீர்கள். நான் பேசும்போது கண் கொட்டாமல் என் முகத்தையே பார்த்தீர்கள். கிறங்கிப் போய்ச் சம்மதம் சொல்லிவிட்டேன்.

ஆனிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அடுப்படியிலிருந்து கேட்டேன். "என்னைப் புடிச்சித்தான் கட்டிக்கினீங்களா? இல்லன்னா சொல்லிடுங்க, நான் எங்க வீட்டுக்கே போயிடறேன்." நீங்கள் தலை நிமிரவில்லை. மோர் ஊற்றிக்கொண்டீர்கள். மறுநாள் பஸ் ஏறிவிட்டேன்.

பதில் வேண்டும்.

இப்படிக்கு,
க. கனிமொழி


பள்ளிப்பட்டு,
24.7.2025

அன்புள்ள கனிமொழிக்கு,

நலம். அம்மா நலம். கடிதம் கிடைத்தது. இங்கே மழை இல்லை. கரண்ட் அடிக்கடி போகிறது. மூன்று தறி ஓடுகிறது, நான்காவது தறியில் பாவு நூல் ஏற்ற வேண்டும்.

உன் துணிகள் பீரோவில் அப்படியே இருக்கின்றன. நீ வந்தால் நல்லது.

அருண்பாண்டியன்


திருத்தணி,
28.7.2025

பெருமதிப்புக்குரிய தறிக்காரருக்கு,

கரண்ட் போனது, பாவு ஏற்றவேண்டியது, துணி பீரோவில் இருப்பது, எல்லாச் செய்தியும் அறிந்தேன். மின்வாரியத்துக்கு எழுதவேண்டிய கடிதம் தவறிப்போய் எனக்கு வந்துவிட்டதோ என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று சாயங்காலம் துரைக்கண்ணுவை மறுபடி போட்டுப் பார்த்தேன். இந்த முறை வேண்டுமென்றே சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டேன். எனக்கு ஒன்று புரிந்தது. அந்த ஆள் பேசாமல் இருப்பது அழகே இல்லை. சத்தம் இருந்தால் அவர் பேசாதபோது வயலின் அழுகிறது. அவர் எதைப் பார்க்கிறார் என்று கேமரா கிட்டே போய்க் காட்டுகிறது. அவருக்கு மனசு இருக்கிறது என்று நமக்குச் சொல்ல பத்துப் பேர் சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்கிறார்கள். உங்களுக்கு அந்தப் பத்துப் பேர் இல்லை, பாவா. பின்னணி இசை இல்லாத ஆளின் மனசை நான் எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

பாருங்கள், கோபத்திலும் ஆசையாகக் கூப்பிடுவது போலப் பாவா என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்த மனசில்லை, இருக்கட்டும்.

இன்னொன்று. நான் எது சொன்னாலும் அதையே அத்தை உங்களிடம் திரும்பக் கத்திச் சொல்வார். "கொயம்பு போடட்டுமான்னு கேக்கறா!" என் வாய்ப்பேச்சு உங்களிடம் வந்து சேர ஒரு ஆள் வேண்டுமா? அந்த வீட்டில் நான் என்ன, புதிதாக வந்த வேலைக்காரியா?

வைகாசியில் ஒருநாள் நூல் வாங்க ஆரணிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வேலூருக்குப் போனீர்கள். உங்கள் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பஸ் டிக்கெட்டில் பார்த்தேன். கொலைக்கதை பார்த்து வளர்ந்தவளிடம் இதெல்லாம் நடக்காது. வேலூரில் யார் இருக்கிறார்கள்? வேறொருத்தி என்றால் அதையாவது சொல்லுங்கள். தெரிந்துகொண்டு அழுகிறேன். தெரியாமல் அழுவது தாங்கவில்லை.

ஆவணி முதல் வாரத்தில் பெரியவர்களுக்குச் சொல்லி அனுப்ப அப்பா நாள் பார்த்துவிட்டார். அதற்குள் உங்களிடமிருந்து உண்மை வராவிட்டால், பிரிந்துவிடலாம் என்று நானே அவர்கள் முன்னால் சொல்லிவிடுவேன். மிரட்டலில்லை. முடியவில்லை, அவ்வளவுதான்.

கனிமொழி


பள்ளிப்பட்டு,
5.8.2025

அன்புள்ள கனிக்கு,

வேலூரில் யாரும் இல்லை. காது டாக்டர் ஒருவர் இருக்கிறார்.

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய் ஒரு தறிக்கு நூல் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். இனி மிச்சத்தை எழுதிவிடுவேன்.

எனக்குக் காது சரியாகக் கேட்காது. பத்தாவது முடித்ததும் தறி ஷெட்டில் இறங்கினேன். உள்ளே ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது, கத்தித்தான் பேசுவோம். கரண்ட் போனால் திடீரென்று அமைதியாகும், அப்போதுதான் எல்லாரும் கத்திக்கொண்டிருந்தது தெரிந்து சிரிப்பார்கள். ஒருநாள் அப்படிக் கரண்ட் போனபோது எனக்குச் சத்தம் நிற்கவில்லை. காதுக்குள்ளே தறி ஓடிக்கொண்டே இருந்தது. இன்னும் ஓடுகிறது. வலது காது ஏறக்குறைய போய்விட்டது. இடது காதில், ஆள் எதிரே நின்று உரக்கப் பேசினால் கேட்கும். இல்லாவிட்டால் வாயசைவைப் பார்த்துப் பாதியைப் புரிந்துகொள்வேன். நான் உன் முகத்தையே பார்த்தது அதற்காகத்தான். ஆனால் பார்க்கப் பிடித்தும் இருந்தது.

"பொண்ணு வீட்ல தெரிஞ்சா தரமாட்டாங்க. கண்ணாலம் முடியற வரைக்கும் வாயத் தொறக்காத" என்றாள் அம்மா. முடிந்த பிறகு எப்படித் திறப்பது என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நீ சொன்னதையெல்லாம் அவள் திரும்பக் கத்தியது என்னைக் காப்பாற்றத்தான், உன்னைத் தாழ்த்த இல்லை. உனக்கு அது எப்படிப் பட்டிருக்கும் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை.

நான் ஏன் பேசுவதில்லை என்று சொல்கிறேன். நான் ஒரு வார்த்தை சொன்னால் நீ பத்து வார்த்தை பதில் சொல்வாய். அதில் பாதி எனக்கு வராது. "இன்னா? இன்னா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் கண்டுபிடித்துவிடுவாய். அதற்குப் பேச்சை ஆரம்பிக்காமலே இருப்பது மேல் என்று இருந்துவிட்டேன். துரைக்கண்ணுவை எனக்குப் பிடித்ததும் இதனால்தான். மற்ற எந்தப் படத்திலும் எல்லாரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், எனக்குக் கதை புரியாது. அந்த ஆள் மட்டும்தான் பேசவில்லை. நீ சொன்ன வயலினை நான் இதுவரை கேட்டதில்லை. அப்படி ஒன்று வாசிக்கிறார்கள் என்பதே உன் கடிதத்தில்தான் தெரிந்தது.

பெண் பார்க்க வந்த அன்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பேசியது எதுவும் எனக்குக் கேட்கவில்லை. எல்லாரும் சிரித்தபோது நானும் சிரித்தேன். அப்போது உள்ளேயிருந்து நீ, "காப்பிக்குச் சக்கரை போட்டாச்சா இல்லியா, யாராச்சும் சொல்லுங்களேன்!" என்று ஒரு சத்தம் போட்டாய். கனி, அடுத்த அறையிலிருந்து ஒருவர் பேசியது முகம் பார்க்காமலே எனக்கு முழுதாக வந்து சேர்ந்தது, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான். இவளைத்தான் கட்டிக்கொள்வேன் என்று திரும்பி வரும் வழியிலேயே அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

கல்யாணமாகி வந்த பிறகு அந்தக் குரல் எனக்குக் கேட்கவே இல்லை. என் காது இன்னும் கெட்டுவிட்டது, இனி உன் குரலும் இல்லை என்று பயந்துபோய்த்தான் வேலூருக்குப் போனேன். போன வருஷம் எப்படியோ அப்படியே இருக்கிறது, மோசமாகவில்லை என்று டாக்டர் சொல்கிறார். எனக்கு விளங்கவில்லை. காது கேட்கும் மிஷின் வைக்க, காதுக்கு அச்சு எடுத்திருக்கிறார்கள். நான் இன்னும் போய் வாங்கவில்லை. வைத்துக்கொண்டு உன் எதிரே எப்படி நிற்பது என்று வெட்கம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதே எனக்குத் தெரியாது. உன் முதல் கடிதத்தில்தான் படித்தேன். படித்ததும் பதில் எழுத உட்கார்ந்து, கரண்ட், பாவு என்று என்னத்தையோ எழுதி அனுப்பினேன். பயம்தான். இப்போது எழுதுகிறேன். பிடித்துத்தான் கட்டிக்கொண்டேன். இப்போதும் பிடித்திருக்கிறது. பெரியவர்கள் என்ன முடிவு செய்தாலும் இது மாறாது.

உன்,
அருண்


திருத்தணி,
9.8.2025

பாவா,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். முதல் தரம் கோபம். ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து பத்து மாதம் இதை மறைப்பார்களா? இரண்டாம் தரம் அழுகை. மூன்றாம் தரம் சிரிப்பு வந்துவிட்டது. என்னைக் கிறங்க வைத்த அந்தப் பார்வை, "இன்னா பாப்பீங்க" என்று நான் கேட்டதை என் உதட்டில் படித்துக்கொண்டிருந்த பார்வையாமே! அந்தக் கோபம் முழுவதும் போய்விடவில்லை. கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கிறேன், நேரில் தருவதற்கு.

உங்கள் காது மோசமாகவில்லை. டாக்டர் சொன்னது சரி. நான்தான் மோசம். தெருமுனை வரை கேட்கும் என் தொண்டையை வைத்துச் சின்ன வயசிலிருந்து அம்மாவுக்குக் கவலை. தாலி ஏறிய அன்றே என்னைத் தனியாக இழுத்துப்போய், "அங்க போயாச்சும் தொண்டைய அடக்கிகினு இரு. இன்னா பொண்ணு இது, ஒலிபெருக்கியாட்டம் பேசறான்னு மாமியார் சொல்லிடப் போறாங்க" என்றாள். புகுந்த வீட்டில் நல்ல பேர் வாங்க வேண்டுமென்று முணுமுணுத்தே பேசிப் பழகினேன். எவ்வளவு கஷ்டப்பட்டேன் தெரியுமா? எதைப் பார்த்து நீங்கள் என்னைக் கட்டினீர்களோ அதை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்திருக்கிறேன்.

கடிதத்தை அப்பாவிடம் கொடுத்தேன். "ஏமாத்திட்டாங்களே, காது கேக்காதவனப் போயி" என்று குதித்தார். அம்மா குறுக்கே வந்து, "ஏமாத்தினது அவங்க மட்டுமா? நாமளும்தான் பொண்ணு வாயக் கட்டி அனுப்பிச்சோம்" என்றாள். பெரியவர்களுக்குச் சொல்லி அனுப்பவேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். ஸ்கேன் சென்டருக்கும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ஆடி முடிந்துதான் புருஷன் வீட்டுக்குப் போகவேண்டும், நீங்கள் வந்து முறையாக அழைக்கவேண்டும் என்கிறாள் அம்மா. எனக்குப் பொறுமை இல்லை. வருகிற வியாழக்கிழமை காலைப் பஸ்ஸில் வருகிறேன். தெரு பேசினால் பேசட்டும், உங்களுக்கா கேட்கப் போகிறது? சனிக்கிழமை இருவருமாக வேலூர் போய் மிஷினை வாங்கிக்கொள்வோம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அத்தையிடம் சொல்லிவையுங்கள், இனி நடுவில் ஆள் வேண்டாம், நானே கத்திக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் தெளிவாக எழுதிவிடுகிறேன், பரிதாபப்பட்டு வருகிறேன் என்று நினைத்துவிடக் கூடாது. காது கேட்காதவரை விட்டு நான் வரவில்லை. அது எனக்குத் தெரியவே தெரியாது. பேசாதவரை விட்டுத்தான் வந்தேன். அவர் இப்போது பேசிவிட்டார்.

பஸ் நிலையத்தில் எதிரே வந்து நில்லுங்கள். படியில் கால் வைக்கும்போதே பேச ஆரம்பித்துவிடுவேன்.

உங்கள்,
கனி