அந்த முதுகு யாருடையது

சலினாஸ்
மார்ச் 9

என் செல்ல மகள் ஆராசெலிக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், நியூயார்க் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் கவலை. இங்கே மழை விட்டு லெட்டூஸ் கீரை நடவு தொடங்கிவிட்டது.

நீ நம் ஊர் மியூசியத்தில் உன் சிற்பங்களை வைத்துவிட்டு விமானம் ஏறிய மறுநாள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். போன கோடையில் நம் சமையலறையில் அவரைக் குனியவைத்து முதுகில் மாவுக்கட்டுப் போட்டு அச்செடுத்தாயே, ஏதோ சின்ன வேலைக்கு என்றல்லவா நினைத்தோம். உள்ளே போனால் கூடம் முழுக்க மண் நிறத்தில் ஒரே மாதிரி நாற்பது முதுகுகள் வரிசையாகக் குனிந்து நிற்கின்றன, தலையும் இல்லை கையும் இல்லை. எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது, முப்பது வருடம் தைலம் தேய்த்த கைக்குத் தெரியாதா. அவருக்குத்தான் தெரியவில்லை, தன் முதுகை யார் பார்த்திருக்கிறார்கள்? "யாரு இந்தக் கெழவன், இப்படி வளைஞ்சு கெடக்கான்" என்றார். நீங்கதான் என்றேன். பிறகு மெல்ல ஒன்றின் மேல் கை வைத்தார், காவலாளி ஓடிவந்து தொடக்கூடாது என்றான், "என் முதுக நான் தொடக்கூடாதாய்யா" என்று இவர் கேட்டார். நாளெல்லாம் குனிந்தே வெட்டவைத்த அந்தக் குட்டைப் பிடிக் களைக்கொட்டைத் தூக்கிப் போட்டு இத்தனை வருடமாகியும் இவ்வளவு கூனா என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். ஞாயிறு பூசையில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார், பின்னாலிருந்து யாரும் பார்க்கக்கூடாதாம். உன் மேல் கோபம் கோபமாக வந்தது மகளே, பெருமையாகவும் இருந்தது, இதில் எது நிஜம் என்று எனக்கே புரியவில்லை.

அதோடு போயிற்றா என்றால் இல்லை. அப்பாவோடு ஒரே வரிசையில் களை வெட்டிய உன் ஞானத்தகப்பன் நிக்கனோர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அது என் முதுகு, என்னைக் கேக்காம உன் மக எப்ப எடுத்தா?" என்று சண்டைக்கு நிற்கிறார். அவர் மனைவி ஒத்திலியாவும் அழுதுகொண்டே சத்தியம் செய்கிறாள். அவளும் தைலம் தேய்த்தவள்தானே, எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நேற்று அப்பாவைக் காணோம் என்று தேடிக்கொண்டு மியூசியத்துக்குப் போனால், சட்டையைக் கழற்றிவிட்டு அந்த வரிசையின் ஓரத்தில் குனிந்து நிற்கிறார், எல்லோரும் ஒப்பிட்டுப் பார்க்கட்டுமாம். பக்கத்தில் அதே மாதிரி நிக்கனோர். சுற்றிக் கூட்டம். நம் ஆட்கள் இன்னும் இரண்டு பேர் பொத்தானை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். சிரிப்பதா அழுவதா தெரியாமல் நான் அவர்கள் சட்டைகளை வாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

யாருடையது என்று எழுது. வேண்டாம், எழுதாதே. தலைக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே. மாதா உன் கைகளைக் காக்கட்டும்.

உன் அம்மா
தொமாசா