வெள்ளிக்கிழமை போனை எடுக்காத டீச்சருக்கு

என் அன்புத் தங்கச்சி வசந்தா டீச்சருக்கு,

குவைத் மங்காஃபிலிருந்து ஏழுமலை எழுதுகிறேன். கலெக்டர் ஆபீஸ் ஏழுமலை என்றால்தான் உங்களுக்குத் தெரியும். உங்கள் நினைவாகக் காலேஜில் போடும் புத்தகத்துக்கு ஏதாவது எழுதச் சொல்லி என் மகள் செல்வி கேட்டது. நாலாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனிடம் வந்து கேட்கிறது பாருங்கள்.

நம்ம பழக்கமே சண்டையில்தானே ஆரம்பித்தது? முதல் வருசம் மாசி மாசத்தில், செல்வி ஹாஸ்டலில் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டது. காலேஜில் பழங்குடிப் பிள்ளைகளுக்கான உதவி மையத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு. எங்கெங்கோ விசாரித்து நம்பர் வாங்கி, குவைத்துக்கே போன் போட்டு, மகள் எங்கே என்று அதட்டினீர்கள்.

"கடலுக்குப் போயிருக்கும்மா. எங்க ஆத்தா கன்னியம்மா கோவிச்சிக்கினு கடல்ல போயி உக்காந்துகிச்சு. மாசிப் பௌர்ணமிக்கு இருளர் சனம் மொத்தமும் மாமல்லபுரம் போயி, வா தாயேன்னு கூப்புடணும். நாங்க கூப்புடலன்னா அதுக்கு வேற யாரு இருக்கா?" என்றேன்.

மற்றவர்களானால் சிரித்திருப்பார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. அப்புறம், சாப்பிட்டீங்களா அண்ணே என்று கேட்டீர்கள். இந்த ஊருக்கு வந்து என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. யல்லா யல்லா என்று விரட்டத்தான் ஆள் உண்டு.

அடுத்த மாசிக்கு எங்கள் பிள்ளைகளுக்கு லீவு வாங்கிக் கொடுத்ததோடு நிற்காமல், நீங்களும் மாமல்லபுரம் போய் எங்கள் சனத்தோடு மணலில் படுத்து எழுந்தீர்கள். அலை வந்து புடவை நனைந்துவிட்டது என்று போனில் சொன்னீர்கள். ஆத்தா தொட்டுவிட்டாள், இனிமேல் நீங்கள் எங்கள் சாதிசனம், எலிக்கறி தின்றே ஆகவேண்டும் என்று மிரட்டினேன். குழம்பு வைத்து அனுப்புங்கள் என்றீர்கள். உங்களை ஜெயிக்க முடியுமா?

அந்த எலியைச் சொல்லித்தான் ஹாஸ்டல் சாப்பாட்டுக் கூடத்தில் செல்வியைக் கேலி செய்வார்களாம். தட்டைத் தூக்கிக்கொண்டு பாத்ரூம் பின்னால் போய் நின்று தின்ற பிள்ளை அது. நீங்கள் மையத்து அறையைச் சாப்பாட்டு நேரத்தில் திறந்துவிட்டு, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தீர்கள். சாதிச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றது, சாயங்காலம் பாடம் சொல்லிக் கொடுத்தது எல்லாம் பெரிசுதான். எனக்கு அந்தச் சோறுதான் பெரிசு.

வெள்ளிக்கிழமை எனக்கு டூட்டி கிடையாது, உங்களுக்குக் காலேஜ் உண்டு. சாப்பாட்டு நேரம் பார்த்து அந்த அறைக்கு போன் போடுவேன். குரலை மாற்றி, கலெக்டர் ஆபீஸிலிருந்து பேசுகிறோம் என்பேன். சொல்லுங்க கலெக்டர் சார், மொதல்ல சாப்பிட்டீங்களா என்பீர்கள். ஒரு தடவையாவது ஏமாந்திருக்கக் கூடாதா?

கடைசியில் என்னைத்தான் ஏமாற்றிவிட்டீர்கள். வயிற்றில் புற்றுநோயாம். மாசக்கணக்கில் கஞ்சித் தண்ணீர்கூட இறங்கவில்லையாம். நீங்கள் போன பிறகுதான் எனக்குத் தெரியும். நீங்கள் சாப்பிட்டீர்களா என்று நான் திருப்பிக் கேட்கும்போதெல்லாம் பேச்சை மாற்றுவீர்களே, அது இதற்குத்தானா?

செல்வி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டது. அதற்கு இது கடைசி வருசம், டீச்சர். படித்தது போதும், அம்மாவோடு செங்கல் சூளைக்குப் போகிறேன் என்றது. கெஞ்சினேன். அது கேட்கவில்லை. எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கிற என் வாய்க்கு அன்றைக்குக் கெஞ்ச மட்டும்தான் தெரிந்தது.

ஆனாலும் வெள்ளிக்கிழமை அந்த அறைக்கு போன் போடுவதை நான் நிறுத்தவில்லை. மணி அடிக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள். அடிக்கிற வரைக்கும் நீங்கள் பக்கத்தில் எங்கோ கை கழுவிக்கொண்டிருப்பது போல இருக்கும். என்னோடு ரூமில் தங்கியிருக்கும் பாய், "அந்தம்மாதான் போயிட்டாங்களே, யாருக்குப்பா அடிக்கிற?" என்று கேட்டார்.

போன வாரம் ஜவ்வாது மலைப் பெண் பிள்ளைகள் இரண்டு பேர் எங்கள் காலனியைத் தேடி வந்திருக்கிறார்கள். இந்த வருசம் சேர்ந்ததுகள். அறைச் சாவியை நீங்கள் செல்வியிடம்தான் கொடுத்து வைத்திருந்தீர்களாம். ஆபீஸில் வேறு சாவி இல்லையென்று கையை விரித்துவிட்டார்களாம்.

"அக்கா, நாங்க பாத்ரூம் பின்னாடி நின்னுதான் சாப்பிடறோம்" என்றிருக்கிறது ஒரு பிள்ளை.

செல்வி அந்த நிமிசமே சாவியைத் தேடி எடுத்ததாம். பெட்டியை எடுத்துக்கொண்டு அவர்களோடே பஸ் ஏறிவிட்டது. இதை என் வீட்டுக்காரி அஞ்சலை எனக்குச் சொல்வதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

வழக்கம்போல போன் போட்டேன். எடுத்தார்கள். என்ன பேசுவதென்று தெரியாமல், கலெக்டர் ஆபீஸ் என்று வாயில் வந்துவிட்டது. அந்தப் பக்கம் தட்டு வைக்கிற சத்தமும் பிள்ளைகள் பேசுகிற சத்தமும் கேட்டன.

"சொல்லுங்க கலெக்டர் சார். மொதல்ல சாப்பிட்டீங்களா?"

செல்வி குரல். அதற்கு மேல் என்னால் நடிக்க முடியவில்லை. இன்னும் இல்லம்மா என்றேன்.

"போயி சாப்புடுப்பா" என்றது.

வருகிற மாசிப் பௌர்ணமிக்கு ஃபஹாஹீல் கடற்கரைக்குப் போவேன். இங்கே கற்பூரம் கொளுத்த முடியாது, தேங்காய் உடைக்க முடியாது. முழங்கால் தண்ணீரில் நின்று கன்னியம்மாவைக் கூப்பிடும்போது உங்களையும் சேர்த்துக் கூப்பிடுவேன். நீங்கள் வரமாட்டீர்கள் என்று தெரியும். ஆத்தாளும் ஒரேயடியாக வந்துவிடுவதில்லை. அதனால்தானே வருசா வருசம் கூப்பிடுகிறோம்.

இப்படிக்கு,
நேரத்துக்குச் சாப்பிடுகிற உங்கள் அண்ணன்,
ஏழுமலை