வாயில் போட்ட பாக்கு

ஜனவரி 21, ஞாயிறு

மலை ஏறும்போது காரில் தூங்கிவிட்டேன். சென்னையில் மாத்திரை போட்டாலும் வராத தூக்கம், முதல் கொண்டை ஊசி வளைவிலேயே கண்ணைச் சுழற்றிக்கொண்டு வருகிறது. கனவில் சட்டப்பேரவைக்குள் பனி இறங்கியிருந்தது. எல்லா உறுப்பினர்களும் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். யார் ஆளுங்கட்சி, யார் எதிர்க்கட்சி என்று தெரியவில்லை. நன்றாகத்தான் இருந்தது.

“மேடம், உங்க ஊரு வந்துடுச்சு” என்று உதவியாளர் ஜீவானந்தம் எழுப்பினார். பெருங்கொல்லை மந்தையில் மொத்த மலையும் கூடியிருந்தது. மலைக்கே நியாயம் சொல்கிற நாட்டார் சின்னராசு தட்டை நீட்டினார். பழம், வெற்றிலை, பாக்கு. “ஆப்ரேசன் பண்ற பிரசவ ஆஸ்பத்திரி மலைமேலயே வேணும். எங்க பொண்ணு நீ, உன்னத்தான் கேக்குறோம்” என்றார்.

கீழே என்றால் தட்டைத் தொட்டு ஜீவானந்தத்திடம் தள்ளிவிடுவேன். ஒரு நாளைக்கு எத்தனை தட்டு! இன்று குளிர், தூக்கக் கலக்கம், வாயெல்லாம் கசப்பு. வெற்றிலையை மடித்துப் பாக்கோடு வாயில் போட்டுக்கொண்டேன். கூட்டம் சட்டென்று அடங்கியது. பிறகு ஒருவர் விடாமல் கையெடுத்துக் கும்பிட்டார்கள். “நல்ல பாக்கு” என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

அண்ணன் வீட்டில் காலை வைத்ததும் அண்ணி பச்சையம்மா பிடித்துக்கொண்டாள். “இன்னா காரியம் பண்ணிட்டு வந்துக்கிற நீ? நாட்டார் கையால பாக்கு வாங்கி வாயில போட்டா வாக்கு குடுத்தாப்பல. தெரியாதா உனுக்கு?”

தெரியும். ஆம்பளைகளுக்கு உண்டானது என்று தெரியும். இந்த மலையில் எந்தப் பெண்ணிடமும் பாக்கு நீட்டி வார்த்தை கேட்டதில்லை. அதனால் எனக்கு நீட்டியபோது அது அந்தப் பாக்கு என்று தோன்றவே இல்லை. மந்திரியாம் மந்திரி!

ஜனவரி 22

இறங்கும் வழியெல்லாம் பனி. ஆஸ்பத்திரிக்கு அடிவாரத்தில் இடம் பார்த்தாகிவிட்டது. மூத்த அமைச்சர் ராஜாக்கண்ணுவின் தொகுதி. இன்னும் கையெழுத்துதான் பாக்கி. இதை நேற்று மந்தையில் சொல்லத்தான் போனேன். சொல்லப் போனவள் வெற்றிலை போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

போன மழையில் பக்கத்து ஊர் கெங்கம்மாளைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பாதி மலையில் பிள்ளை பிறந்தது. அது பிழைத்துக்கொண்டது. அவளைத் திரும்பவும் அதே தூளியில்தான் மேலே கொண்டுவந்தார்கள். சுகாதாரத் துறை அமைச்சரான நான் சென்னையில் ஏதோ ஒரு விழாவில் குத்துவிளக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 6

ராஜாக்கண்ணு அண்ணன் அறைக்கே வந்தார். கெட்டவர் இல்லை. அங்கன்வாடி டீச்சராக இருந்த என்னை ஒன்றியத் தலைவர் தேர்தலில் நிறுத்தியதே அவர்தான். “மாணிக்கம்மா, மலையில எத்தன ஓட்டு? கீழ கட்டினா மலைக்காரங்களும் வரப்போறாங்க. ரோடுதான் போட்டுக் குடுத்துட்டோமே.”

ரோடு இருக்கிறது அண்ணா, வண்டி இல்லை என்றேன். சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, சனியன். கோபப்பட வேண்டிய இடத்திலெல்லாம் சிரித்தே இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.

பிப்ரவரி 7

பாக்கின் துவர்ப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது. பிரமைதான்.

பிப்ரவரி 19

வெட்கத்தை விட்டு அண்ணிக்குப் போன் போட்டுக் கேட்டேன். வாங்கிய பாக்கைத் திருப்பித் தர வழியே இல்லையா?

“வாயில போடாம இருந்தா தட்டோட திருப்பித் தர்லாம். நீதான் மென்னு துப்பிட்டியே, எத்த குடுப்ப?”

அரைமணி நேரம் சிரித்தாள். பிறகு, “எங்க அன்பரசிக்கு வரன் வருது” என்றாள். என் அண்ணன் மகள். கல்யாணம், பிறகு பிள்ளை, பிறகு தூளி. சிரித்துக்கொண்டிருந்தவளுக்கும் அது தோன்றியிருக்கும். “வெச்சிடறேன்” என்று போனை வைத்துவிட்டாள்.

மார்ச் 12

எப்படி எழுதுவது? நடந்ததா, கனவு கண்டேனா என்றே தெரியவில்லை.

கேள்வி நேரம். எதிர்க்கட்சி உறுப்பினர் மலை ஆஸ்பத்திரி பற்றிக் கேட்டார். எனக்கு எழுதிக் கொடுத்திருந்த பதில் ஒரு வரி: “அரசின் பரிசீலனையில் உள்ளது.” அதைப் படித்துவிட்டு உட்கார வேண்டியதுதான் என் வேலை. ஏசி குளிர் முதுகில் இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணெதிரே வெள்ளை வேட்டிகள், வெள்ளைச் சட்டைகள், ஒரே வெள்ளை. நான் எழுந்தது ஞாபகம் இருக்கிறது. பிறகு ஒரு குரல் கேட்டது. “மலைமேலேயே அமையும். பெருங்கொல்லையில். அறுவை அரங்கத்தோடு.”

நல்ல குரல். தெளிவாக இருந்தது. என்னுடையது.

அந்த உறுப்பினர் விடுவாரா? “இதை அமைச்சரின் உறுதிமொழியாக எடுத்துக்கொள்ளலாமா?” என்றார்.

“எடுத்துக்கொள்ளுங்கள்.”

எதிர்வரிசையில் மேசையைத் தட்டினார்கள். எங்கள் வரிசையில் ஒருவரும் தட்டவில்லை. ராஜாக்கண்ணு அண்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்தேன். பயம் இல்லை. காய்ச்சல் விட்ட மாதிரி இருந்தது.

மார்ச் 13

முதல்வர் கூப்பிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

“யாரைக் கேட்டுச் சொன்னீங்க?”

யாரையும் கேட்கவில்லை என்றேன்.

“சபையில சொன்னதை அரசு திரும்ப வாங்காது. உறுதிமொழிக் குழு வருசா வருசம் துளைச்சு எடுக்கும். கட்டித்தான் ஆகணும். கட்டுவோம்.” தண்ணீர் குடித்தார். “ஆனா சொன்னவங்க…”

முடிக்கவில்லை. நானே முடித்துக்கொண்டேன். வாசல்வரை வந்து வழியனுப்பினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மார்ச் 15

உடல்நிலை காரணமாக விலகுகிறேன் என்று எழுதச் சொன்னார்கள். எனக்கு இன்னா நோவு? கல்லாட்டம் இருக்கறேன்! எழுதிக் கொடுத்துட்டேன். ஜீவானந்தம் அழுதார். அவரைச் சமாதானப்படுத்துவதிலேயே என் அழுகை நின்றுவிட்டது. காரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். ஏழு வருடத்தில் முதல்முறையாக ஆட்டோவில் ஏறி, மந்திரி கார்ப் பழக்கத்தில் முன்சீட்டைத் தேடினேன், பைத்தியக்காரி.

மார்ச் 16

பகலெல்லாம் தூக்கம். மாத்திரை இல்லாமல்.

மார்ச் 30

பெருங்கொல்லை. நான் எதை விட்டுவிட்டு வந்தேன் என்று மந்தையில் யாரும் கேட்கவில்லை. நாட்டார் மட்டும், “ஏன்மா, ஒரு பாக்கு அவ்ளோ காரமா?” என்றார். கூட்டமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு. அப்புறம் வூட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கிட்டு, அழுதேன். பதவி போனது வலிக்கிறது. பெரிய தியாகி மாதிரி இங்கே எழுதிவைக்க மாட்டேன். வலிக்கிறது.

[புது டைரி, இரண்டு வருடம் கழித்து]

மே 9

மறுபடி நிற்கக் கட்சி இடம் தரவில்லை. எதிர்பார்த்ததுதான். கீழே ஓட்டு எண்ணிக்கொண்டிருந்தபோது நான் கொல்லையில் பலாக்காய்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எது பழுத்தது என்று தட்டினால் சொல்லும். மனிதர்களைத் தட்டிப் பார்க்க வழியில்லை. என்னையே பார்க்க முடியவில்லையே!

ஆகஸ்ட் 27

ஆஸ்பத்திரி திறந்தார்கள். ராஜாக்கண்ணு அண்ணன்தான் ரிப்பன் வெட்டினார். கூட்டத்தில் என்னைப் பார்த்துவிட்டு மேடைக்கு வா வா என்று கையாட்டினார். போகவில்லை. எல்லோரும் இறங்கிப் போனபிறகு கல்வெட்டில் என் பெயரைத் தேடினேன். பொய் எதற்கு? மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை. இல்லை. அண்ணி பக்கத்தில் வந்து நின்றாள். “தண்ணி வருதான்னு குழாயைத் தொறந்து பாத்தேன், வருது” என்றாள். அவளுக்கு அதுதான் முக்கியம்.

நவம்பர் 14

காலையில் அன்பரசிக்கு வலி கண்டது. அவள் புருஷன் பாலமுருகன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். அண்ணி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள அவளே நடந்து வந்துவிட்டாள். வழியெல்லாம் பனி. பாதையும் தெரியவில்லை, ஆளும் தெரியவில்லை. “அத்த, இன்னும் எவ்ளோ தூரம்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் கேட்டு முடிப்பதற்குள் ஆஸ்பத்திரி விளக்கு தெரிந்தது.

கீழிருந்து வந்திருக்கிற புது நர்ஸ். கண்டிப்பான பெண். “கூட வந்தவங்க யாரு? பேரு?”

“மாணிக்கம்மாள்.”

“இன்னா வேலை செய்றீங்க?”

“சாமை போட்டிருக்கேன்.”

“சரி சரி, அந்த பெஞ்சுல போய் உக்காருங்கம்மா. கூட்டம் போடாதீங்க.”

உட்கார்ந்தேன். ஆபரேஷன் என்றார்கள். அண்ணி கண்ணை மூடி எல்லாச் சாமியையும் கூப்பிட்டாள். எனக்கு ஒரு சாமி பெயரும் வரவில்லை. சன்னல் வழியாகப் பனி உள்ளே வந்துகொண்டிருந்தது. கதவையே பார்த்துக்கொண்டிருந்தவள் எப்போது கண் அசந்தேனோ. கனவு எதுவும் இல்லை. தோளைத் தட்டி எழுப்பினார்கள். அதே நர்ஸ்தான். “பொம்பளப் புள்ள. தாயும் நல்லா கீறாங்க. இன்னாம்மா, இதுக்குப் போய் இப்படி அழுவறீங்க?”

நாளைக்கு அன்பரசிக்குக் கஞ்சி கொண்டுபோக வேண்டும். சூடாக இருக்கணும் என்று அண்ணி நாலு தடவை சொல்லிவிட்டாள். ஆறாது. நடந்தே போய்விடலாம், பக்கம்தான்.