சொல்லாமல் விட்ட உதாரணம்

பிப்ரவரி 5, 2024

காலையில் ராம்கி என்று ஓர் உதவி இயக்குநர் தல்லாகுளம் வீட்டுக்கு வந்தார். இங்கிலாந்து இயக்குநர் பீட்டர் ஆஷ்வெல் மேலூரில் படம் எடுக்கிறாராம். நடிப்பவர்கள் உள்ளூர்க்காரர்கள். அவர் சொல்வதைத் தமிழில் சொல்ல ஆள் வேண்டும். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் என்று யாரோ என்னைக் கைகாட்டியிருக்கிறார்கள். சரி என்றேன்.

ராம்கி போனதும் கைபேசியில் பீட்டரைத் தேடினேன். டிவி நிலையத்தில் டீ வாங்கிக் கொடுக்கும் வேலையில் ஆரம்பம். பிறகு ஓர் ஆஸ்பத்திரித் தொடர், எட்டு வருடம். அப்புறம் துப்பறியும் தொடர்கள். ஐம்பது வயதில் முதல் சினிமா. இது நான்காவது. பிறந்த வருடம் 1957. நான் பிறந்ததும் அதே வருடம்தான்.

1980-இல் சென்னையில் திரைப்படப் படிப்புக்கு நேர்முகத் தேர்வுக் கடிதம் வந்தது. நான் போகவில்லை. பசுமலைப் பள்ளியில் முப்பத்தொரு ஆண்டுவிழா நாடகம் போட்டேன். அதையெல்லாம் எந்தக் கைபேசியில் தேடுவது?

பிப்ரவரி 9

பீட்டர் நான்கு வார்த்தை சொல்கிறார். நான் நாற்பது சொல்கிறேன். அம்மாவாக நடிக்கும் மலையம்மாள் கல்குவாரியில் வேலை பார்த்தவர், நடிப்பது இதுதான் முதல் தடவை. “கோபத்தை அடக்க வேண்டும்” என்றார் பீட்டர். நான், “மலையம்மா, பஸ்ல ஒருத்தர் உங்க காலை நல்லா மிதிச்சுட்டார். திட்டலாம்னு திரும்புறீங்க, பாத்தா சம்பந்தி” என்றேன்.

ஒரே டேக்.

ஒளிப்பதிவாளர் ஓடிவந்து கை கொடுத்தார். எனக்கில்லை. பீட்டருக்கு.

பிப்ரவரி 10

“ஏன் மூஞ்சி இப்புடி இருக்கு? சாம்பார்ல உப்பு இல்லையா?” என்றாள் என் மனைவி சுந்தரம்மாள். உப்பு சரியாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 14

செய்துவிட்டேன்.

இன்று படத்தின் கடைசிக் காட்சி. கடைசி பஸ்ஸிலும் மகன் வரவில்லை, அம்மா நிற்கிறாள். “முகத்திலிருந்து நம்பிக்கை போக வேண்டும்” என்றார் பீட்டர். அப்படியே தமிழில் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை. யாரும் தப்புக் கண்டுபிடிக்க முடியாது.

மலையம்மாள் என் வாயையே பார்த்தார். பிறகு மாரில் அடித்துக்கொண்டு அழுதார். பதினொரு டேக். உதாரணம் என் நாக்கு நுனியில் இருந்தது. விழுங்கிக்கொண்டேன். பார்க்கட்டுமே, இத்தனை நாள் இயக்கியது யார் என்று.

மாலையில் ராம்கி சொன்னார், அந்தக் காட்சியே வேண்டாமாம். படத்தை மகனின் காட்சியோடு முடித்துவிடுவார்களாம்.

“கடைசி சீன் எனக்குத்தான்னு ஊரு பூரா சொல்லி வச்சிருந்தேன்” என்றார் மலையம்மாள். “வாத்தியாரய்யா, இன்னைக்கு ஏன் ஒண்ணும் சொல்லித் தராம விட்டுட்டீக? நான் ஏதும் தப்பாப் பேசிப்புட்டனா?”

பிப்ரவரி 15

முப்பத்தாறு வருசம் வாத்தியாரா இருந்தேன் — தெரிஞ்சதை ஒரு பிள்ளைக்காவது சொல்லாம விட்டிருக்கேனா? சீ!

காலையில் பீட்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “நான் நான்கு வார்த்தை சொன்னால் நீங்கள் நாற்பது சொல்வீர்கள். நேற்று நான்குதான். எனக்குத் தமிழ் தெரியாது, எண்ணத் தெரியும்” என்றார். பிறகு, “ஒரே ஒரு டேக். நீங்கள் பேசுங்கள்.”

“மலையம்மா, ரேஷன் கடையில நாலு மணி நேரமா நிக்கிறீங்க. உங்களுக்கு முன்னால நிக்கிற ஆள் வரைக்கும் சீனி போட்டுட்டு ஷட்டரை இழுத்துட்டாங்க.”

“அம்புட்டுத்தானே?” என்றார்.

பஸ் போனது. அவர் அழவில்லை. கையிலிருந்த துணிப்பையை நான்காக மடித்தார். இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தார். யாரும் ‘கட்’ சொல்லவில்லை. அவர் புளியமரத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்.

பீட்டர் என்னைப் பார்த்தார். இல்லை என்று தலையை ஆட்டினேன். பையை மடிக்கச் சொன்னது நானில்லை.

நவம்பர் 3

பீட்டர் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். லண்டனில் படத்தைத் திரையிட்டார்களாம். ஒரு விமர்சனத்தையும் சேர்த்திருந்தார்: “ஆஷ்வெல்லின் நாற்பது வருட அனுபவம் அந்தப் பையின் மடிப்பில் தெரிகிறது.” அதன் கீழே அவரே எழுதிய ஒரு வரி: “அது எப்படி வந்தது என்று மலையம்மாளிடம் கேட்டுச் சொல்லுங்கள்.” பெயர்ப் பட்டியலின் படமும் இருந்தது. என் பெயர் கடைசியில், எழுத்துப் பிழையோடு.

மலையம்மாளுக்குப் போன் போட்டு விமர்சனத்தைத் தமிழில் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

“பையை மடிக்காம, கசக்கியா கொண்டுபோவாக?”

அதை அப்படியே மொழிபெயர்த்து பீட்டருக்கு அனுப்பினேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை.