சுழி இல்லாத கடிதம்

உ

காஜா பேராங், மலாக்கா
28-8-57

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நான் நலமாக இருக்கிறேன். உங்கள் மூட்டுவலி குறைந்ததா?

போன கடிதத்தில் பிள்ளையார் சுழி இல்லையென்று, தம்பி நடராஜன் படிப்பதற்குள் நான் செத்துவிட்டதாக அழுதீர்களாம். சாவுச் செய்திக்குத்தான் சுழி போடமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். சாமி இல்லை என்பதால் விட்டேன். இம்முறை உங்களுக்காகப் போட்டிருக்கிறேன்.

நம் மேலத்தெரு பொன்னுதுரை அண்ணன் இறந்துவிட்டார். எங்கள் கடைக் கிட்டங்கியில் அரிசி மூட்டைகள் சரிந்து அவர்மேல் விழுந்தன. அவர் மனைவி ருக்மணிக்கு எழுதச் சொல்லி முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"சுழியப் போட்டு, காய்ச்சல்னு எழுது. மெர்டேக்கா முடியட்டும், மெதுவா சொல்லிக்கலாம்லா."

"பொதைச்ச ஆளுக்குக் காய்ச்சலா, மொதலாளி?"

"ரொம்பப் பேசாத. வாசல்ல கொடி கட்டியிருக்கு, பாத்தியா?"

சனிக்கிழமை இந்த நாட்டுக்குச் சுதந்திரம். கொடி கட்டிய கடையில் சாவு நடந்திருக்கக் கூடாதாம். நான் சுழி போடாமல், நடந்ததை அப்படியே எழுதித் தபாலில் சேர்த்தேன். வேலை போயிற்று. உஜோங் பாசிரில் வேறு தேடிக்கொள்வேன், கவலை வேண்டாம். நாங்கள் தங்கியிருந்த அறையில் அண்ணன் பாயை இன்னும் சுருட்டவில்லை. முடிந்தால் நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்புங்கள்.

இரண்டு கடிதங்களும் ஒரே கப்பலில் வருகின்றன. ருக்மணி அண்ணிக்கும் படிக்கத் தெரியாது. தாளின் தலைப்பைப் பார்த்ததுமே புரிந்துவிடும். அப்போது அவர் தனியாக இருக்கக் கூடாது. நடராஜன் இந்தக் கடிதத்தைப் படிப்பதை இதோடு நிறுத்தட்டும். நீங்கள் உடனே மேலத்தெருவுக்குப் போங்கள்.

மகன்
ராசமாணிக்கம்