ஏழாம் நம்பரை எழுதியது யார்?

மார்ச் 3, திங்கள்

உதய் நடத்தும் இணைய அரசியல் விவாதப் போட்டிக்கு நானும் ஒரு நடுவராம். தலைப்பு: தங்கச் சுரங்கம் மூடிப்போன கே.ஜி.எஃப்.புக்கு முதலில் வேண்டியது தொழிற்சாலையா, சுரங்கத் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் பட்டாவா? நான் தொழிற்சாலைக் கட்சி. விடியுமுன் பெங்களூர் ரயிலில் இடிபடுகிறவளுக்கு வேறென்ன தோன்றும்? இருந்தாலும் நடுவர் என்றால் நடுவர்தான்.

எல்லாரும் எழுதி அனுப்பிய வாதங்களை, பெயரை மறைத்து நம்பர் மட்டும் போட்டுத் தந்திருக்கிறான் உதய். இன்னொரு நடுவர் ஜெயகரன், தினமும் என்னோடு அதே ரயிலில் வருகிறவர். நான் ஒன்றைக்கூடத் திறப்பதற்குள் ஏழாம் நம்பருக்கு மார்க்கை அள்ளிப் போட்டுவிட்டார். அப்படி என்ன அவசரம்?

மார்ச் 4

ஏழாம் நம்பரைத் திறந்தேன். பட்டாக் கட்சி. இரண்டாம் பத்தியிலேயே பிடித்துவிட்டேன்: "சர்ஃபேஸ் ஆட்கள் முடிவெடுப்பார்கள், அண்டர்கிரவுண்டு ஆட்கள் அனுபவிப்பார்கள்."

சுரங்கத்துக்குள் இறங்காமல் மேலே நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரம் பண்ணுகிறவர்களை 'சர்ஃபேஸ்' என்று கேலி செய்வது ஜெயகரனின் வாய். டிக்கெட் பரிசோதகரைக்கூட அப்படித்தான் சொல்வார். நான் சுரங்கமே இல்லாத பேத்தமங்களாவிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். வேறு யார் சொல்லியும் இதைக் கேட்ட ஞாபகமில்லை. தானே எழுதித் தானே மார்க் போட்டுக்கொள்கிறாரா? சீ. மேற்கொண்டு படிக்க மனசில்லை, மூடிவிட்டேன்.

மார்ச் 5

சைலஸ் காபியை நீட்டிக்கொண்டே, "யாரு நல்லா எழுதிக்கீறாங்க?" என்றார். புருஷனானாலும் சொல்லக் கூடாது என்றேன். இவருக்கு ஏன் திடீர் அக்கறை? ஜெயகரன் கேட்கச் சொன்னாரோ?

மார்ச் 7

என் சந்தேகத்தை உதயிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் ஜெயகரன் போன்.

"இன்னாம்மா ஐடா, என்னியே சந்தேகப்பட்றியா? நல்லாகீது, மார்க் போட்டேன். அவ்ளோதான். நான் ஒதுங்கிக்கறேன், நீயே பாத்துக்கோ."

சட்டென்று போனை வைத்துவிட்டார். நடிப்பா? — அவர் மார்க்கை நீக்கியதும் ஏழாம் நம்பர் சரசரவென்று கீழே போய்விட்டது. எனக்குத் திருப்திதான்.

மார்ச் 10

ஜெயகரன் வேறு பெட்டியில் ஏறினார்.

மார்ச் 12

இன்று முடிவு. உதய் பெயர்களைத் திறந்துவிட்டு போன் செய்தான். "மேடம், ஏழு உங்க வீட்டு சைலஸ் அண்ணன். ஜட்ஜோட சொந்தக்காரங்க எழுதக் கூடாது, எடுத்துட்றேன்."

"அப்போ அந்த சர்ஃபேஸ்..."

"மைன்ஸ் வீட்ல எல்லாரும் சொல்றதுதான, மேடம்?"

வீட்டுக்குள் நுழையும்போதே கத்தினேன். இன்னா வேலை பண்ணிக்கீறீங்க? என் மானமே போச்சே!

சைலஸ் தலை நிமிரவில்லை. "ஜெயிக்கறதுக்கு எழுதல. வீட்ல நான் வாயத் தொறந்தாலே நீ எழுந்து போயிட்ற. ஜட்ஜுன்னா கடைசி வரிக்கும் படிச்சுதான ஆவணும்?"

நான் எங்கே கடைசி வரி வரை படித்தேன்?

மார்ச் 13

ஜெயகரன் இருந்த பெட்டியைத் தேடி ஏறி மன்னிப்புக் கேட்டேன். "வுடும்மா" என்று நகர்ந்து இடம் கொடுத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

போனில் ஏழாம் நம்பரைத் திறந்தேன். மூன்றாம் பத்தி முழுக்கத் தொழிற்சாலை கேட்பவர்களின் பக்கம். "கால் வீங்கி இருட்டில் வீடு திரும்புகிற பெண் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவளுக்கு ஊரிலேயே வேலை கிடைக்குமென்றால், என் பட்டாவுக்கு நான் இன்னும் காத்திருப்பேன்."

என் கட்சியை இவ்வளவு நன்றாக நான் ஒருநாளும் பேசியதில்லை. ரயில் ஒயிட்ஃபீல்டு தாண்டியும் தலை தூக்கவில்லை நான்.