கிலுகிலுப்பைச் செடியும் செல்வி அக்காவின் மாடும்

2011 அக்டோபர், வெள்ளி இரவு. திண்டிவனம்.

செல்வி அக்காவின் மாடு படுத்துவிட்டது. சில நாளாகவே தீனி எடுக்கவில்லையாம்.

மேற்கு மலைகளை நோக்கிக் கூட்டமாகப் போகும் கருநீலப் பட்டாம்பூச்சிகள் வழியில் அவளுடைய மல்லாட்டைக் (வேர்க்கடலைக்) கொல்லையின் வரப்பில்தான் இறங்கும். அங்கே இருக்கும் கிலுகிலுப்பைச் செடிகள்தான் காரணம். வருஷத்துக்கு வருஷம் பூச்சிகள் குறைகின்றனவே என்று, இந்த முறை களை எடுக்கும்போது அந்தச் செடிகளை விட்டுவைக்கச் சொன்னவள் நான். டீச்சர் சொல்கிறாளே என்று அவளும் விட்டுவைத்தாள்.

சாயங்காலம் மாட்டு டாக்டர், "என்ன செடி மேஞ்சுது?" என்று கேட்டார். அக்கா மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். நானே, "கிலுகிலுப்பை" என்றேன்.

"ஈரலைக் கெடுக்கிற செடியாச்சே அது. விடியட்டும், பார்க்கலாம்" என்று ஊசி போட்டுவிட்டுப் போனார்.

அக்காவின் கணவர் ஏகாம்பரம் அரிவாளை எடுத்தார். "பூச்சிக்காவ எம்மாட்டச் சாவடிச்சிட்டீங்களே டீச்சர்."

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இருய்யா. இருட்டிக்கினு வருது, பூச்சிங்கல்லாம் அதுலதான் அடைஞ்சிக்கினு இருக்கு. காலைல பறந்து போவட்டும், அப்பறம் வெட்டிக்கலாம்."

என்னை அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. அவர்களுக்கு இருப்பது அந்த ஒரு மாடு.

"எதுனா ஒண்ணுன்னா போன் பண்றேன் டீச்சர்" என்றுதான் அனுப்பினாள். செல்போன் தலைமாட்டில் இருக்கிறது. அணைத்துவிடலாமா என்று கை போகிறது. அணைக்கவில்லை. அது அடிக்காமல் விடிய வேண்டும்.